கேமராவுக்கும் ஒரு கட்சித்தாவல் தடைச் சட்டம்

கட்சி மாறுகிறவர்களைப் பற்றிப் புதுச்சேரிக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1985இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது. அதற்கு முன்னாலும் பார்த்தோம், பின்னாலும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் இன்று நான் எழுத வந்தது சட்டசபைத் தாவலைப் பற்றி அல்ல. ஓய்வு பெற்ற பிறகு கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு அலைகிற நம் வயதுக்காரர்களிடம் பரவியிருக்கும் வேறொரு தாவலைப் பற்றி. முந்தாநாள் கேனன், நேற்று சோனி, நாளைக்கு நிக்கான். கையிலிருக்கும் கேமராவில் ஒரு கோளாறும் இருக்காது. லென்ஸ்கள் சுத்தமாக இருக்கும். ஆனாலும் மொத்தத்தையும் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு எதிர்க்கம்பெனிக்குப் போய்ச் சேருகிறார்கள்.

காலையில் கடற்கரைச் சாலையில் இப்படி ஏழெட்டுப் பேரைப் பார்க்கிறேன். சூரியன் கடலிலிருந்து கிளம்பி மேலே போய்விடும். இவர்கள் பேச்சு முடியாது. "இன்னா சார், இன்னும் அந்தப் பழைய டப்பாவையே வெச்சிக்கினு இருக்கீங்க?" என்று என்னைக் கேட்பார்கள். பழைய டப்பாதான். பன்னிரண்டு வருடமாக அதே டப்பாதான். அதை மாற்றாததற்கு எனக்குக் காரணங்கள் உண்டு. முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவன் நான். இந்தத் தாவலுக்கு ஒரு ஆடிட் அப்ஜெக்‌ஷன் எழுதாமல் விட மனம் வரவில்லை.

முதலில், விஷயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவின் முகத்தில் ஓர் உலோக வளையம் இருக்கும். லென்ஸ் அதில்தான் பொருந்தும். மவுண்ட் என்று சொல்கிறார்கள். ஒரு கம்பெனியின் வளையம் இன்னொரு கம்பெனிக்குச் சேராது. ஆகவே நீங்கள் கேமரா வாங்கும்போது வாங்குவது ஒரு பெட்டியை அல்ல, ஒரு வளையத்தை. இரண்டாவது லென்ஸ், மூன்றாவது லென்ஸ், ஃபிளாஷ், பேட்டரி எல்லாம் அந்த வளையத்தைச் சுற்றித்தான் சேருகின்றன. அந்த மொத்தத்தைத்தான் சிஸ்டம் என்கிறார்கள்.

நிக்கான் தன் எஃப் வளையத்தை 1959இல் கொண்டுவந்தது. கேனன் 1987இல் தன்னுடைய பழைய எஃப்.டி. வளையத்தையே தூக்கி எறிந்துவிட்டு இ.ஓ.எஸ். என்று புதிதாகத் தொடங்கியது. பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் தெருவில் நின்றார்கள். சோனி 2006இல் கொனிகா மினோல்டாவின் கேமராத் தொழிலை வாங்கி உள்ளே நுழைந்தது. 2010இல் இ என்ற வளையம், 2013இல் அதே வளையத்தில் பெரிய சென்சார் வைத்த ஏ7. கண்ணாடி இல்லாத அந்த மிரர்லெஸ் கேமராவுக்கு நிக்கானும் கேனனும் 2018இல்தான் பதில் சொன்னார்கள், ஆளுக்கொரு புது வளையத்தோடு. ஒருவரைத் துரத்தி இன்னொருவர் ஓடுகிற ஓட்டம் இது. அவர்கள் ஓடட்டும், அது அவர்கள் தொழில். நாம் ஏன் பின்னால் மூச்சு வாங்க ஓட வேண்டும்?

இப்போது கணக்குக்கு வருகிறேன். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர். எட்டு வருடத்தில் ஒரு கேமராவும் மூன்று லென்ஸும் சேர்த்தார். மொத்தச் செலவு 3,40,000 ரூபாய். கடைக்காரப் பையன் சொன்னான்: "சார், இப்பவே குடுத்துடுங்க. அடுத்த மாசம் ரேட்டு இன்னும் எறங்கிடும்." நண்பர் கொடுத்துவிட்டார். கிடைத்தது 1,15,000. எதிர்க்கம்பெனியின் கேமராவும் இரண்டு லென்ஸும் 4,20,000. கைப்பணம் போட்டது 3,05,000. அந்த 4,20,000க்குள் பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி. மட்டும் ஏறக்குறைய 64,000 ரூபாய். அது எந்தக் காலத்திலும் திரும்பி வராத பணம். இது போக, பழைய பேட்டரி சேராது, பழைய ஃபிளாஷ் சேராது, மெமரி கார்டு வேறு வகை, லென்ஸ் முகப்பின் அளவு வேறு என்பதால் ஃபில்டரும் சேராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்று லென்ஸ் இருந்த இடத்தில் இப்போது இரண்டு. தாவுகிறவர்களிடம் நான் பார்த்த வரையில் ஒவ்வொரு தடவையும் ஒரு லென்ஸ் குறைகிறது, ஏனென்றால் புதியதன் விலை அப்படி. பதினான்கு மாதம் கழித்து நண்பர் மறுபடியும் தாவினார். இன்று அவரிடம் இருப்பது உலகத்திலேயே உயர்ந்த கேமரா ஒன்றும் ஒரே ஒரு லென்ஸும். கணக்குப் பிரிவில் இப்படி ஒரு ஸ்டாக் ரெஜிஸ்டரை யாராவது கொண்டுவந்து வைத்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்போமா?

இது கிராஜுவிட்டி பணம். கம்யூட்டேஷன் பணம். மனைவியின் முழங்கால் ஆபரேஷனுக்கு என்று ஒதுக்கி வைத்த பணமும் சில வீடுகளில் இதில் கலந்திருப்பதை நான் அறிவேன். வாலிபன் ஒருவன் மூன்று லட்சத்தை வீணாக்கினால் சம்பாதித்துக்கொள்வான். எழுபது வயதில் போன பணம் போனதுதான்.

சரி, எதற்காக மாறுகிறீர்கள் என்று கேட்டால் மூன்று காரணம் சொல்வார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, படத்தின் தரம். நிக்கானிலிருந்து சோனிக்குத் தரத்துக்காக மாறினேன் என்று ஒருவர் சொன்னார். நிக்கானின் பல கேமராக்களுக்குள் இருக்கும் சென்சாரே சோனி செய்து கொடுத்ததுதான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒரே கிணற்றுத் தண்ணீரை வேறு குடத்தில் முகந்துவிட்டு ருசி மாறிவிட்டது என்கிறார். அவர் அந்தப் படங்களைப் பார்ப்பது கைபேசியில். உள்ளங்கை அளவுத் திரையில் எந்தக் கம்பெனிப் படம் எது என்று அவர் சொல்லிவிட்டால் நான் இந்தக் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன்.

இரண்டாவது, ஆட்டோ ஃபோகஸ். கண்ணைக் கண்டுபிடித்துத் தானே பிடித்துக்கொள்ளும் என்கிறார்கள். உண்மைதான், அருமையான வசதி. ஆனால் இன்று அது மூன்று கம்பெனிகளிடமும் இருக்கிறது. ஒருவர் முந்துவார், ஒன்றிரண்டு வருடத்தில் மற்றவர் எட்டிப் பிடிப்பார். எந்தக் குதிரை முன்னால் போகிறதோ அதில் தாவித் தாவி ஏறுகிறவன் ஊர் போய்ச் சேர மாட்டான்.

மூன்றாவது, "எல்லாரும் போயிட்டாங்க சார்." இது காரணமே அல்ல. ஆனாலும் இதில் ஒரு நியாயமான பயம் ஒளிந்திருக்கிறது: கேனனும் நிக்கானும் சில வருடங்களாகப் புதிய டி.எஸ்.எல்.ஆர். எதையும் விடவில்லை, என் லென்ஸெல்லாம் செத்துப்போகுமா என்பது. சாகாது. புது கேமராக்களில் வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவில் தூரம் குறைவு. நிக்கானின் பழைய எஃப் வளையத்தில் அது 46.5 மில்லிமீட்டர். புதிய இசட் வளையத்தில் 16தான். கேனனில் 44 இருந்தது, இப்போது 20. நடுவில் கிடைக்கும் இடத்தில் ஓர் அடாப்டரை வைத்துப் பழைய லென்ஸைப் போட்டுக்கொள்ளலாம். அந்தந்தக் கம்பெனியே அதைச் செய்து விற்கிறது. நிக்கானில் உள்ளே மோட்டார் இல்லாத பழைய லென்ஸ்களுக்கு மட்டும் அந்தக் கம்பெனியின் அடாப்டரில் ஆட்டோ ஃபோகஸ் வராது, கையால் திருப்ப வேண்டும். அதனால் உங்கள் கேமரா நிஜமாகவே பழுதாகும் நாளில், அதே கம்பெனியின் மிரர்லெஸுக்குப் போங்கள். அது கட்சித்தாவல் அல்ல. ஒரே வீட்டில் கூடத்திலிருந்து அறைக்குப் போவது.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். கல்யாண வீட்டில் படமெடுத்துப் பிழைக்கிறவருக்கு கேமரா என்பது தச்சனின் உளி. எது சோறு போடுமோ அதை வாங்கட்டும். சோனி தன் வளையத்தை 2011லேயே மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டதால் அங்கே மலிவான நல்ல லென்ஸ்கள் ஏராளம் என்பதும் உண்மை. மூட்டுவலிக்காரர் கனமான கேமராவைத் தூக்க முடியாமல் சின்னதாக வாங்கினால் அது மருந்துச் செலவு மாதிரி. கம்பெனியே கடையைக் கட்டிவிட்டால் வாடிக்கையாளர் என்ன செய்வார்? நிக்கான் 1 என்ற வரிசை 2011இல் வந்து 2018இல் நின்றுபோனது. கேனனின் இ.ஓ.எஸ். எம் 2012இல் வந்து 2023இல் முடிந்தது. அப்படி நடுத்தெருவில் விடப்பட்டவர்கள் வேறு இடம் தேடுவதை நான் குறை சொல்லவில்லை. பிழைப்பு, உடம்பு, கம்பெனியின் கைவிரிப்பு. இந்த மூன்றையும் தாண்டிய எல்லாமே ஆசை. ஆசைக்குக் காரணம் என்று பெயர் வைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அது கை. நிக்கான் லென்ஸைப் பூட்ட ஒரு பக்கம் திருப்ப வேண்டும். கேனனில் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஃபோகஸ் வளையமும் அப்படியே எதிரும் புதிருமாகத் திரும்பும். பத்து வருடம் ஒரு கேமராவைத் தொட்டவனின் விரல்கள் இருட்டிலும் பொத்தானைத் தேடிப் போகும். ஊசுட்டேரியில் மீன்கொத்தி தண்ணீரில் விழுந்து எழும்ப எவ்வளவு நேரம் ஆகிறது? அந்த நேரத்தில் எந்தப் பொத்தான் எங்கே என்று யோசிக்கிறவனுக்கு அலை வட்டம் மட்டும்தான் படத்தில் கிடைக்கும். இளைஞர்களின் விரல்கள் ஒரு மாதத்தில் புதியதைக் கற்றுக்கொள்ளும். நம் விரல்களுக்கு ஒரு வருடம் வேண்டும். அந்த வருடம் முடிவதற்குள் அடுத்த தாவல் வந்துவிடுகிறது.

அடுத்தது கோப்புகள். நிக்கானின் மூலக்கோப்பு என்.இ.எஃப்., கேனனுடையது சி.ஆர்.2, பிறகு சி.ஆர்.3, சோனியுடையது ஏ.ஆர்.டபிள்யு. கம்பெனிகள் இலவசமாகத் தரும் மென்பொருள் அவரவர் கோப்பைத்தான் திறக்கும். எல்லாவற்றையும் திறக்கும் மென்பொருள் வேண்டுமானால் பெரும்பாலும் சந்தா. புதிய கேமராவின் கோப்பைப் பழைய மென்பொருள் திறக்காது. புதிய மென்பொருளைப் பழைய கம்ப்யூட்டர் தாங்காது. மூன்று தரம் தாவியவரின் வீட்டில் மூன்று விதக் கோப்புகள் நாலைந்து ஹார்ட் டிஸ்கில் கிடக்கின்றன. பேத்தியின் காதுகுத்துப் படம் எங்கே என்று வீட்டில் கேட்டால் அவருக்கே தெரியாது.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. அங்கே எங்களுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்த பாடங்களில் ஒன்று, புகைப்படம் பிரான்சு உலகுக்குக் கொடுத்த கொடை என்பது. நியெப்ஸ் தொடங்கிவைத்தார், தகேர் முடித்துவைத்தார். 1839இல் பிரெஞ்சு அரசாங்கம் அந்தச் செய்முறையை வாங்கியது. எப்படித் தெரியுமா? தகேருக்கும் நியெப்ஸின் மகனுக்கும் ஆயுள் பென்ஷன் கொடுத்து. பிறகு ஆகஸ்டு 19 அன்று செய்முறையைப் பகிரங்கமாக அறிவித்தது. இங்கிலாந்தில் மட்டும் தகேர் தனியாகக் காப்புரிமை வாங்கிவிட்டார், அது வேறு கதை. பென்ஷனால் உலகத்துக்குக் கிடைத்த கலை இது. அதே கலையின் பெயரால் இன்று பென்ஷன்காரர்களின் பணம் வளையம் வளையமாகக் கரைகிறது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அதே பாரீஸில் அட்ஜே என்றொருவர் இருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வருடங்களில் தொடங்கி 1927இல் இறக்கும் வரை, ஒரு கனத்த மரக் கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் தூக்கிக்கொண்டு பழைய பாரீஸின் தெருக்களைப் படமெடுத்தார். கைக்கு அடக்கமான கேமராக்கள் அவர் காலத்திலேயே வந்துவிட்டன. அவர் அந்த மரப்பெட்டியை விடவில்லை. இடிபடப் போகும் வீடுகள், கடை வாசல்கள், படிக்கட்டுகள், தெருவில் கூவி விற்பவர்கள். பழைய பாரீஸ் எப்படி இருந்தது என்று இன்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அவர் படங்களைத்தான் தேடிப் போகிறார்கள்.

நம் ஊருக்கே வருகிறேன். 1950 ஏப்ரலில் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் புதுச்சேரிக்கு வந்தார். அதே மாதம் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்துவிட்டு இங்கே வந்து, ஸ்ரீஅரவிந்தரையும் அன்னையையும் எடுத்தார். அந்த டிசம்பரில் அரவிந்தர் மறைந்தார். கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் கையில் இருந்தது லைக்கா. 1930களின் தொடக்கத்தில் அவர் பிடித்த அந்தக் கம்பெனிக் கேமராவையும், பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையும் வைத்துக்கொண்டுதான் உலகம் சுற்றினார். அன்று லைக்காவுக்குப் போட்டியாக கான்டாக்ஸ் இருந்தது. எது உயர்ந்தது என்று சண்டை போட்டவர்களும் இருந்தார்கள். சண்டை போட்டவர்களின் படங்கள் எங்கே?

இதைச் சொல்லும்போது ஒரு பழைய விஷயம் ஞாபகத்துக்கு வருகிறது. 1962 ஆகஸ்டு 16இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாத அவகாசம் இருந்தது. அந்த ஆறு மாதமும் வீடுகளில் எவ்வளவு பேச்சு, எவ்வளவு யோசனை என்று நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று பிரிந்த குடும்பங்களும் உண்டு. ஒரு தேசத்தைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் யோசித்த ஊர் இது. அந்த ஊர்க்காரர் இன்று சாயங்காலம் ஒரு யூடியூப் வீடியோ பார்த்துவிட்டு மறுநாள் காலையில் கேமராவை விற்கக் கிளம்புகிறார்.

அந்தக் கடற்கரைச் சாலையிலேயே மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இன்று அதே இடத்தில் அதே மாதிரி புதிதாகக் கட்டிவிட்டார்கள், நல்லது. ஆனால் விழுந்த அன்றைக்கு நம் கேமராக்காரர்களிடம் நான் கேட்டேன்: உள்ளே மாடிப்படி, மேல்தளம், ஜன்னல் வேலைப்பாடு, யாராவது எடுத்து வைத்திருக்கிறீர்களா? எல்லாரிடமும் கட்டடத்துக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்ட குடும்பப் படம் இருந்தது. உள்ளே எடுத்த படம் ஒருவரிடமும் இல்லை. தினமும் அதைத் தாண்டித்தான் நடந்தோம். பேச்சு லென்ஸைப் பற்றி இருந்தது.

இன்னும் எவ்வளவோ போய்க்கொண்டிருக்கின்றன. தமிழர் பகுதித் தெருக்களில் திண்ணையும் தாழ்வாரமும் வைத்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடியாகின்றன. ஜூலை 14 அன்று போர்வீரர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் பதக்கங்களை மாட்டிக்கொண்டு வந்து நிற்கும் பழைய சொல்தாக்களின் வரிசை வருடா வருடம் குறுகுகிறது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்துக்குச் சாமிகளைத் தோளில் தூக்கிவரும் பெரியவர்கள், வில்லியனூர் தேரின் வடத்தைப் பிடிக்கும் கைகள், இவற்றை அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது. இவற்றை எடுக்கப் பத்து வருடப் பழைய கேமரா தாராளமாகப் போதும். நண்பர் போட்ட 3,05,000 ரூபாயில், ஒரு படத்துக்கு நூறு ரூபாய் வைத்தாலும் மூவாயிரம் படங்களை நல்ல காகிதத்தில் அச்சிடலாம். மூவாயிரம் படம் என்றால் ஒரு பேட்டையையே வீடு வீடாகப் பதிந்துவைக்கலாம்.

பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டில் தென்னிந்தியக் கோயில்களின் படங்கள் லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. 1950களிலிருந்து ஊர் ஊராகப் போய் எடுத்தவை. இன்று சிலை திருட்டு என்று ஒரு வழக்கு வந்தால் அந்தப் படங்கள்தான் சாட்சி சொல்கின்றன. அவற்றை எடுத்த கேமரா என்ன கம்பெனி என்று எந்த நீதிபதியும் கேட்டதில்லை.

ஆகவே என் யோசனை இது. சட்டம் போட எனக்கு அதிகாரம் இல்லை, நோட் போடத்தான் தெரியும். கம்பெனி மாற ஆசை வந்தால் ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். இப்போதுள்ள கேமராவால் எடுக்க முடியாமல் போன பத்துப் படங்களைத் தேதியோடு எழுதுங்கள். கேமராவால் முடியாமல் போனவை மட்டும். தூங்கிப்போய்விட்டதால், சோம்பலால், மழையால் எடுக்காதவை கணக்கில் சேராது. பிறகு ஆறு மாதம் காத்திருங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் அந்தப் பட்டியல் பத்தாகவே இருந்தால் தாராளமாக மாறுங்கள், நானே கடைக்குக் கூட வருகிறேன்.

பத்து தேறவில்லை என்றால் அந்தப் பணத்தில் கொஞ்சத்தை எடுத்துப் பூஞ்சை பிடிக்காமல் லென்ஸைக் காக்க ஒரு நல்ல காற்றுப்புகாப் பெட்டி வாங்குங்கள். நம் கடல் காற்றுக்கு அது அவசியம். மீதியில் உங்கள் தெருவின் இரண்டு பக்கமும் உள்ள வீடுகளை எடுங்கள், வாசலில் உட்கார்ந்திருக்கிறவரைக் கேட்டுக்கொண்டு அவரையும் சேர்த்து எடுங்கள், அச்சிடுங்கள். படத்தின் பின்னால் பென்சிலால் தேதி, தெரு, ஆளின் பெயர் எழுதிவையுங்கள். கேமராவின் பெயரை எழுத வேண்டாம்.